பாய் கடைக் கணக்கு: ஈசூனில் ஒரு மளிகைக்காரரும் அவருடைய தொண்டூழியமும்

சிங்கப்பூரின் வடக்கே ஈசூன் நகரில் எண்பதுகளின் நடுவில் திறந்த ஒரு மளிகைக் கடை, கொவிட் ஓய்ந்து விலைவாசி ஏறிய பிறகு மூடப்பட்டது. கடைக்காரர் அடுக்குமாடி வட்டாரத்தின் தொண்டூழியக் குழுவான வசிப்போர் குழுவில் இருந்தவர், சமூக மன்றத்தில் இந்தியர்களுக்கான இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் இருந்தவர், நள்ளிரவில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் ஷட்டரைத் தூக்கிவிட்டவர். மூடுவதற்கு முன் சமூக மன்றத்தில் ஒரு சின்னத் தேநீர் விருந்து வைத்தார்கள். பேசிய எல்லோரும் தன்னலம் பாராத சேவை என்றே பேசினார்கள். அவர் அதைக் கேட்டும் கேட்காததுபோல் கறிபஃப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தப் பாராட்டு ஒத்துவரவில்லை. அவர் நல்லவர் இல்லை என்று சொல்ல வரவில்லை, நல்லவர்தான். ஆனால் நல்ல மனசு என்று சொல்லி முடித்துவிட்டால், அந்த வேலை எப்படி நடந்தது, எந்தக் காசில் நடந்தது, யார் உழைப்பில் நடந்தது, இனி ஏன் நடக்காது என்கிற கேள்விகள் எல்லாம் காணாமல் போய்விடுகின்றன. ஒரு கடையின் வரவு செலவை வைத்துத்தான் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் கட்சி. அதனால்தான் இதை நிகழ்வு ஆய்வாக எழுதுகிறேன்.

பெயரும் புளோக் எண்ணும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வட்டாரத்தில் எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள், அவர் மனைவியைப் பாயம்மா என்று. நானும் அப்படியே எழுதுகிறேன்.

தஞ்சோங் பகாரிலிருந்து ஈசூனுக்கு

பாயின் குடும்பம் கடையநல்லூர்க் குடும்பம். தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரைச் சுற்றிக் குடியேறிய கதை இங்கே பலருக்குத் தெரியும். ஆண்கள் துறைமுக வேலை, கடை வேலை என்று போக, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். கடையநல்லூர் ஸ்திரீட் என்று அங்கே ஒரு தெருவே இருக்கிறது. 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கியவர்கள், போர் முடிந்த கையோடு 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் திறந்தார்கள். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியானது, 1982இல் மூடப்பட்டது. பாய் அங்கே தமிழில் படித்தவர். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தமிழ் அவருக்கு அருவியாகக் கொட்டும், ஆங்கிலம் மட்டும் கடைசிவரை தகராறுதான்.

எழுபதுகளில் நகரின் நடுப்பகுதியைப் புதுப்பிக்கத் தொடங்கியதும் அந்தக் குடும்பங்கள் புது நகர்களுக்குப் பிரிந்து போயின. பாய் சில வருடம் சொந்தக்காரர் ஒருவரின் கடையில் நின்று தொழில் பழகிவிட்டு, ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். இடம் அப்படி ஒன்றும் மோசமான தேர்வு இல்லை. பக்கத்தில் செம்பவாங். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்திலும், அவர்கள் போன பிறகு கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் ஏராளம். கம்பம் எனப்பட்ட பழைய கிராமங்களிலிருந்து அடுக்குமாடிக்கு வந்தவர்களும் இருந்தார்கள். தேங்காய் உடைக்கவும் மாவிலை கட்டவும் ஆள் இருந்தது, அதையெல்லாம் விற்கக் கடை இல்லை.

அப்போது ஈசூனில் எம்ஆர்டி ரயில் கிடையாது. 1988 டிசம்பரில்தான் நிலையம் திறந்தது. அதுவரை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய் வருவது பஸ்ஸில் பாதி நாள் வேலை என்பதால் பாய் கடையில் கூட்டம். ரயில் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தேக்கா பக்கம் திரும்பிவிட்டது. எல்லோரும் வளர்ச்சி என்று கொண்டாடியபோது பாய்க்கு மட்டும் விற்பனை இறங்கியது. பேரங்காடிகளும் வந்தாயிற்று. 1973இல் தோ பாயோவில் என்டியுசி வெல்கம் என்று ஒரே கடையாகத் தொடங்கியது, பின்னால் ஃபேர்பிரைஸ் என்ற பெயரில் எல்லா நகரிலும் நின்றது. அரிசி, எண்ணெய், சீனி மூன்றிலும் அவர்கள் விலைக்குப் பாயால் விற்க முடியாது.

அவர் என்ன செய்தார் என்பதில்தான் இந்த ஆய்வின் பாதி இருக்கிறது.

கடை

பேரங்காடி தராத மூன்றைத் தந்தார்: கடன், நேரம், நாளுக்கு ஏற்ற சரக்கு.

கடன் 555 நோட்டில். சிங்கப்பூர், மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குட்டி நோட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சட்டைப் பையில் அடங்கும். வீட்டுக்கு ஒரு நோட்டு, அட்டையில் பெயர் இருக்காது, புளோக் எண்ணும் மாடியும் வீட்டு எண்ணும் மட்டும். உள்ளே தேதி, சரக்கு, தொகை, எல்லாம் தமிழில், பென்சிலில். சம்பளம் வந்ததும் கணக்கு முடிந்தால் குறுக்கே ஒரு கோடு. முடியாவிட்டால் கோடு கிடையாது, அடுத்த பக்கத்தில் பாக்கி ஏறும். ஒரே ஒரு விதி: சிகரெட்டுக்குக் கடன் கிடையாது. அரிசி, பால் மாவு, குழந்தைக்கு டயாப்பர், மண்ணெண்ணெய் இருந்த காலத்தில் மண்ணெண்ணெய், எல்லாம் எழுதிக்கொள்ளலாம். சிகரெட்டுக்குக் கையில் காசு வேண்டும். இதைத் தருமம் என்று பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அதில் நல்ல வியாபார மூளைதான் தெரிகிறது. சாப்பாட்டுக் கடனைத் திருப்பித் தருபவர்கள்கூட புகைக் கடனைத் தர மறந்துவிடுவார்கள்.

நேரம் என்றால், காலையில் பேரங்காடி திறக்கும் முன் திறந்து, இரவு கடைசி ஷிஃப்ட் பஸ் வந்துபோன பிறகு மூடுவது. காய்கறிக்குப் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு விடியும் முன் போய்விடுவார். 2003 ஏப்ரலில் சார்ஸ் பரவி அந்தச் சந்தையையே மூடி, அங்கே வேலை செய்தவர்களையும் போய் வந்தவர்களையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். பாயும் வீட்டுக்குள்தான். கடையைப் பாயம்மா ஒற்றை ஆளாக ஓட்டினார், காய்கறி இல்லாமல், வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்புமாக.

நாளுக்கு ஏற்ற சரக்கு என்பது கொஞ்சம் நுணுக்கமானது. பொங்கலுக்கு முதல் நாள் கரும்பும் மஞ்சள் கொத்தும், தைப்பூசத்துக்குப் பால்குடப் பால், ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் பங்குனி உத்திரம் என்றால் எலுமிச்சை, தேசிக்காய் கேட்கும் யாழ்ப்பாணத்து அம்மாவுக்கும் அதே எலுமிச்சை, நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு வேண்டிய வெந்தயமும் பேரீச்சம்பழமும், தீபாவளிக்கு முறுக்கு மாவு. ஒரு முஸ்லிம் மளிகைக்காரருக்கு ஏகாதசி எந்த நாளில் வருகிறது என்று தெரிந்திருந்தது, அன்றைக்கு வாழைப்பழம் கூடுதலாகப் போகும் என்பதால்.

சாவுக்கும் அப்படித்தான். புளோக்கின் கீழ்த்தளத்தில் இறுதிச் சடங்கு வைப்பது இங்கே வழக்கம். நகர மன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும், மேசை நாற்காலி ஏற்பாடு செய்ய வேண்டும், மண்டாய் தகனச்சாலையில் நேரம் கிடைக்க வேண்டும். இதெல்லாம் அழுதுகொண்டிருக்கும் வீட்டுக்குத் தெரியாது. பாய்க்குத் தெரியும். யாரைக் கூப்பிட வேண்டும், எந்தப் பண்டாரம் தெலுங்கு வீட்டுக்கு வருவார், எவர் வரமாட்டார் என்பதுவரை தெரியும். நல்லெண்ணெய், மஞ்சள்தூள், வாய்க்கரிசிக்குப் பச்சரிசி, வெற்றிலை பாக்கு, சாம்பிராணி, கற்பூரம், தேங்காய், மண்சட்டி என்று ஒரு பெட்டியில் போட்டு அவரே தள்ளுவண்டியில் கொண்டுவருவார். ரசீது வராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அந்தத் தொகை நோட்டில் ஏறும். அதற்கு முன் யாராவது காசு கொடுக்க வந்தால் வாங்கவும் மாட்டார், "அதுக்கென்ன இப்ப, மொத வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார்.

அந்த வீடு அதற்கப்புறம் வேறு கடைக்குப் போகுமா? போகாது. பாய்க்கும் அது தெரியும்.

கடிதம் படிக்கும் சனிக்கிழமை

மேலே ஆங்கிலத்தைப் பற்றிச் சொன்னேன். வட்டாரத்தில் பாய்க்கு மட்டும் அந்தக் குறை இல்லை. வயதானவர்கள் வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் ஆங்கிலத்தில். வீவக கடிதம், நகர மன்றக் கட்டணப் பாக்கி, மருத்துவமனைச் சந்திப்பு, மத்திய சேமநிதி அறிக்கை. பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், அல்லது பிள்ளைகளிடம் காட்ட வெட்கம். உறையோடு கடைக்குக் கொண்டுவருவார்கள். பாயால் படிக்க முடியாது. ஆனால் எந்தக் கடிதம் அவசரம் என்று அவருக்குத் தெரியும், சிவப்பு எழுத்தும் தடித்த எழுத்தும் போதும்.

அதனால் உயர்நிலைப் பள்ளி, தொழிற்கல்லூரிப் பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் பிடித்து வைத்துக்கொண்டார். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கூலி ஒரு பாக்கெட் சோயாபீன் பால், பசித்தால் ஒரு பன். நானும் அப்படிக் கடிதம் படித்த பையன்களில் ஒருவன். நாம் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும், அடுத்து என்ன செய்வது என்பதைப் பாய் சொல்லுவார். "அக்கா, இது பயப்படுற கடிதம் இல்ல. திங்கக்கெழம போய் தவணை கேளுங்க. பச்சைச் சட்டை போட்ட பொண்ணு இருக்கும், அதுகிட்டப் பேசுங்க, மத்தவங்க கிட்ட வேணாம்."

இந்த ஸ்டூல்தான் அவருடைய தொண்டூழியத்தின் மையம் என்று நினைக்கிறேன். வசிப்போர் குழு அவரைத் தேடி வந்ததே இதனால்தான். 1991இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா தொடங்கிய பிறகு துணைப்பாட வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகப் போனவர்கள், முதலில் இந்தக் கடையில் வந்து எந்த வீட்டில் எந்த வயதுப் பிள்ளை இருக்கிறது என்று கேட்டார்கள். 2013 முதல் சமூகச் சேவை அலுவலகங்கள் வந்தபோது, அரசாங்கத்தின் கம்கேர் பண உதவிக்கு விண்ணப்பிக்கும் படிவம் எந்த வீட்டுக்குத் தேவை என்பதும் பாய் நோட்டில் இருந்தது. மூன்று மாதமாகக் குறுக்குக்கோடு விழாத நோட்டு என்றால் அந்த வீட்டில் வேலை போய்விட்டது என்று அர்த்தம். வேலை போனதை வாயால் சொல்லத் தயங்குகிற ஆண்கள், பால் மாவை மட்டும் சின்ன டின்னாக வாங்குவார்கள்.

அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று இப்போதைய சமூக ஊழியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். யார் வீட்டில் பாக்கி, யார் வீட்டில் சண்டை என்பது ஒரு கடைக்காரருக்குத் தெரிந்திருப்பதும், அவர் அதை ஒரு குழுக் கூட்டத்தில் சொல்வதும் வேறு வேறு. பாய் கூட்டத்தில் பெயர் சொல்லமாட்டார், "ஒரு வீடு" என்பார். ஆனால் எத்தனை பேருக்கு அது எந்த வீடு என்று புரிந்துவிடும்? சின்ன வட்டாரம். சிலர் அதனாலேயே கடன் கேட்காமல் இருந்திருக்கலாம்.

2020

இந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்பது 2020இல் தெரிந்தது.

பிப்ரவரி முதல் தேதியிலிருந்து வீட்டுக்கு நான்கு முகக்கவசம் என்று அரசாங்கம் கொடுத்தபோது பாய் வசிப்போர் குழு அறையில் பொட்டலம் எண்ணிக்கொண்டிருந்தார். 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தினார்கள். அன்று சாயங்காலமே தீவு முழுக்க அரிசிக்கும் உடனடி நூடல்ஸுக்கும் கழிவறைக் காகிதத்துக்கும் கூட்டம் அலைமோதியது. பேரங்காடியில் அலமாரி காலியானதும், அதுவரை பாய் கடையை எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்தார்கள். பாயம்மா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசலில் நின்று ஆளுக்கு ஒரு மூட்டை என்றார். உள்ளே அடுக்கில் ஒரு பகுதியைத் தொடவே விடவில்லை. அது நோட்டு வீடுகளுக்கு.

ஒருவர் சத்தம் போட்டார், பதுக்கல் என்று. அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. பேரங்காடி யாருக்கும் முகம் பார்த்து விற்காது, வரிசையில் முதலில் வந்தவருக்கு முதலில். பாய் கடையில் முகம் பார்த்தார்கள். பன்னிரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் பாட்டி வரிசையில் நிற்க முடியாது என்பதால் அவருக்கு எடுத்து வைத்தார்கள், அது சரி. ஆனால் நோட்டு இல்லாத ஏழையும் வட்டாரத்தில் இருந்தார்.

மார்ச் 17 அன்று மறுபடியும் ஒரு அலை. மலேசியா மறுநாளிலிருந்து எல்லையை மூடப்போகிறது என்ற செய்தி. சரக்கு லாரிகள் வரும் என்று இரு பக்கமும் சொல்லியும் மக்கள் கேட்கவில்லை. கறிவேப்பிலை, முட்டை, கீரை எல்லாம் ஜொகூர்ப் பக்கத்திலிருந்து வருபவை என்பதால் நம் ஆட்களுக்கு அந்தப் பயம் கூடுதல். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப் பரவல் முறியடிப்பு நடவடிக்கைகள், அதாவது ஊரடங்கு. மூத்தோர் நடவடிக்கை நிலையங்கள் மூடல், சமூக மன்றங்கள் மூடல், வசிப்போர் குழு அறைக்குப் பூட்டு. மளிகைக் கடைகள் அத்தியாவசியச் சேவை என்பதால் திறந்திருந்தன. தொண்டூழிய அமைப்பு முழுவதும் கதவைச் சாத்தியபோது, சட்டப்படி கதவைத் திறந்து வைத்திருந்த ஒரே தொண்டூழியர் மளிகைக்காரர்தான். பாய் வட்டாரத்துக்குத் தூணாக நின்றது பாதி அவருடைய குணத்தால், மீதி அவருக்கிருந்த கடைத் திறப்பு அனுமதியால்.

பொட்டலம் போட ஆரம்பித்தார்கள். ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி, தேயிலை, வெங்காயம், கொஞ்சம் மிளகாய்த்தூள். கதவு வாசலில் வைத்துவிட்டு மணியடித்து நகர்ந்துவிட வேண்டும். வசதி உள்ள சில வாடிக்கையாளர்கள் தங்கள் நோட்டில் இரண்டு பொட்டலம் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள், மீதி கடையின் செலவு. விடுதியில் அடைபட்ட வெளிநாட்டு ஊழியர்களுக்கு அரசாங்கம் சாப்பாடு ஏற்பாடு செய்தது, அங்கே பாய்க்கு வேலை இல்லை. ஆனால் வீவக வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த தமிழ்நாட்டுத் தம்பிகள் சிலர் வேலையும் இல்லாமல் வெளியே போகவும் முடியாமல் இருந்தார்கள். அவர்கள் பழைய வாடிக்கையாளர்கள், ஃபோன் கார்டு காலத்திலிருந்து. அவர்களுக்கு முதல் வாரமே போய்விட்டது.

போகாதது ஒரு வீடு. இரண்டு புளோக் தள்ளி, ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் குடும்பம், கைக்குழந்தை. கணவர் வேறு இடத்தில் தனிமைப்படுத்தப்பட்டுவிட்டார், அந்தப் பெண் இணையத்தில் சாமான் வாங்கிப் பழகியவர், இணையக் கடைகளில் டெலிவரி நேரமே கிடைக்காத வாரங்கள் அவை. பாய் கடை எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. நோட்டும் இல்லை, கடிதமும் கொண்டுவந்ததில்லை. கடிதம் படிக்கும் பையன் ஒருவன் பக்கத்து வீடு என்பதால் மூன்றாவது வாரத்தில் தெரிய வந்தது. பாய் அன்றைக்கு யாரோடும் பேசவில்லை என்று பாயம்மா சொன்னார். இந்த நிகழ்வை விருந்தில் யாரும் சொல்லவில்லை, எனக்கோ இதுதான் முக்கியம். கடையை நம்பி நடக்கும் சேவை, கடைக்கு வருபவர்களை மட்டுமே பார்க்கும்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

சரி, காசு எங்கிருந்து வந்தது?

அரிசியில் இல்லை. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது பாய் கடையில் ஒரு வாரம் பொன்னிக்கு அடிதடி. தடை புழுங்கலுக்கு இல்லை, பச்சரிசிக்குத்தான் என்று நின்று நின்று சொன்னார். இந்த நாட்டில் அரிசி இறக்குமதி செய்பவர்கள் இரண்டு மாத இறக்குமதி அளவை இருப்பில் வைத்தே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். ஆகஸ்ட் 25இல் புழுங்கலுக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டுவிட்டார்கள். மாதக் கடைசியில் சிங்கப்பூருக்கு விலக்கு அளிப்பதாக இந்தியா அறிவித்தது. அந்த இடைவெளியில் பழைய இருப்பைப் பழைய விலைக்கே விற்றார். புது மூட்டை வாங்கும்போது கையைக் கடித்தது. அரிசி அவருக்கு ஆளைக் கடைக்குள் இழுக்கும் சரக்கு, லாபம் தரும் சரக்கு இல்லை.

லாபம் வந்தது சிகரெட்டிலும் ஃபோன் கார்டிலும். பீர் விற்கமாட்டார், மார்க்கம் தடுக்கிறது. பக்கத்துக் கடை பீரில் பிழைத்தது. சிகரெட்டை மட்டும் விற்றார், அதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். ஊருக்குப் பேசும் ஃபோன் கார்டு 2000களில் நம் கடைகளுக்கெல்லாம் ஒரு பொற்காலம். அப்புறம் வாட்ஸ்அப் வந்தது, ஒரே மூச்சில் போயிற்று. 2017 ஆகஸ்டிலிருந்து சிகரெட்டை வெளியே தெரியும்படி வைக்கக் கூடாது என்றார்கள். வாங்கும் வயது 2019இல் 19, 2020இல் 20, 2021இல் 21 என்று வருடத்துக்கு ஒன்றாக ஏறியது. பொதுச் சுகாதாரத்துக்கு மிக நல்ல காரியம், எனக்கு அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பதினாறாம் நாள்வரை காத்திருந்த சாவு ரசீதும், வராத பாக்கியும், பொட்டலமும் எந்தப் பெட்டியிலிருந்து வந்தனவோ அந்தப் பெட்டி காலியானது. பழனிக்குப் போகும் காவடிக்காரருக்கு எலுமிச்சை தந்ததும் மூன்றாம் மாடிப் புகைக்காரர்தான் என்று சொன்னால் விருந்தில் யாருக்கும் ருசிக்காது.

வரி இன்னொரு பக்கம். ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கீழே என்றால் ஜிஎஸ்டிக்குப் பதிய வேண்டியதில்லை, அதனால் சின்னக் கடைக்குப் பாதிப்பில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். பதியாத கடை வாடிக்கையாளரிடம் வரி வாங்காது, சரி. மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. 7 விழுக்காடு 2023இல் 8 ஆகி 2024இல் 9 ஆனபோது 100 வெள்ளிச் சரக்குக்கு 9 வெள்ளி பாய் தலையில். விலையை ஏற்ற வேண்டும் அல்லது விழுங்க வேண்டும். நோட்டு வீடுகளுக்கு விழுங்கினார்.

ஓர் உதவி வந்தது என்றால் அது சமூக மேம்பாட்டு மன்றங்கள் தந்த சிடிசி பற்றுச்சீட்டு. 2021 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 100 வெள்ளி, உணவங்காடியிலும் அக்கம்பக்கக் கடையிலும் மட்டும் செலவழிக்கலாம். முதியவர்களுக்குக் கைப்பேசியில் அதை எடுத்துக்கொடுக்க மறுபடியும் அந்த ஸ்டூல் உதவியது. அந்த மாதம் பல நோட்டுகளில் குறுக்குக்கோடு விழுந்தது, பழைய பாக்கியைப் பற்றுச்சீட்டில் கழிக்கலாமா என்று கேட்டவர்களைப் பாய் விடவில்லை, புதுச் சரக்குக்குத்தான் என்றார். 2023 ஜனவரியில் தொகை 300 ஆனது, அதில் பாதி பேரங்காடிக்கு என்று ஒதுக்கினார்கள். மக்களுக்கு வசதிதான். கடைக்கு மிஞ்சியதும் 150 வெள்ளிக்கான வாய்ப்பு, முன்பைவிடக் குறைவில்லை. ஆனால் அதற்குள் கடையின் மற்றக் கால்கள் ஒடிந்துவிட்டன.

இனி யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று. குழுக் கூட்டம் மாலை ஏழரை மணிக்கு. மளிகைக் கடையில் அது வேலை முடிந்து வருபவர்களின் உச்ச நேரம். பாய் கூட்டத்துக்குப் போனால் கல்லாவில் நிற்பது பாயம்மா. கூட்டம், கோயில் விழா, பள்ளிவாசல் கஞ்சி விநியோகம், மூத்தோர் சுற்றுலா, ஒவ்வொன்றுக்கும் பாய் கொடுத்த நேரம் பாயம்மாவின் காலிலிருந்து எடுத்த நேரம். முழங்கால் முதலில் போனது அவருக்குத்தான். நீண்டகாலச் சேவைச் சான்றிதழ் கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதில் ஒரு பெயர்தான். ஒருமுறை பாயம்மாவிடம் இதைக் கேட்டேன். "பேரு எதுக்குத் தம்பி, ஒரு நாற்காலி போட்டுத் தந்தா போதும்னு சொன்னேன், அதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு" என்றார்.

பிள்ளைகள் மூவரும் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. சின்ன வயதில் பள்ளி விடுமுறையெல்லாம் வெங்காயம் பொறுக்கியவர்கள், இந்தக் கடையின் வருமானம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாதா?

இப்போது

கடை இருந்த இடத்தில் வேறு தொழில். வராத பாக்கி நோட்டுகளைப் பாய் வசூலிக்கப் போகவில்லை, அதை அவர் தருமத்தில் எழுதினாரா நஷ்டத்தில் எழுதினாரா என்று எனக்குச் சொல்லவும் இல்லை. கடிதம் படிக்க வாட்ஸ்அப் குழு ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள், படம் எடுத்து அனுப்பினால் தொண்டூழியர் யாராவது பதில் போடுவார். இளையவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். படம் எடுக்கத் தெரியாதவர்தான் கடிதத்தோடு கடைக்கு வந்தவர் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன், வாரம் ஒரு நாள் கீழ்த்தளத்தில் மேசை போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி மன்னார்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் மளிகைக் கடை திறந்திருக்கிறார். பீர் விற்கிறார், இணையப் பொட்டலங்களை வாங்கி வைத்துக் கொடுக்கிறார், கடன் கிடையாது. நற்பணிச் செயற்குழுவில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டாராம். ஏழரை என்றதும், கல்லாவில் நிற்க வேறு ஆள் இல்லை, பத்து மணிக்கு மேல் வைத்தால் வருகிறேன், இல்லாவிட்டால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள் என்றாராம். குழுவில் சிலருக்குக் கோபம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று. பாயிடம் இதைச் சொன்னேன். பையன் கேட்டதில் என்ன தப்பு, நான் கேட்டிருக்க வேண்டியது என்றார். பாயம்மா உள்ளேயிருந்து, "முப்பது வருசத்துக்கு முன்னாடி கேட்டிருக்கணும்" என்றார்.